தலைவலி எத்தனை மணிக்கு வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் தலைவலி, கிறுகிறுப்பு. ஆனால் டெஸ்ட் எல்லாம் நார்மல். இந்த ஒரே புலம்பலோடு வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

● பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 34. ஆறு மாதமாக நெற்றி வலி. நாற்காலியை விட்டு எழுந்தால் லேசான தள்ளாட்டம். கண்ணாடி மாற்றினேன், நாற்காலி மாற்றினேன், மானிட்டருக்கு ஃபில்டர் போட்டேன், தலைக்கு ஸ்கேன்கூட எடுத்தாயிற்று. ஒன்றும் இல்லை என்கிறார்கள். காரணத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது? – வாசகி, திருப்பூர்

செய்த காரியங்களில் குறை இல்லை. எல்லாவற்றையும் அடுத்தடுத்துச் செய்ததுதான் குறை. புதுக் கண்ணாடியால் வலி கொஞ்சம் குறைந்து, புது நாற்காலியின் உயரத்தால் கொஞ்சம் கூடியிருந்தால் உங்களுக்கு ‘எதிலும் பலனில்லை’ என்றுதான் தோன்றும்.

இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். ஒரு சின்ன நோட்டில் எழுதி மட்டும் வாருங்கள்: தூங்கி எழும்போதே வலி இருந்ததா, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, தலையில் எந்த இடம், அப்போது என்ன வேலை, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை காபி, மாத்திரை போட்டீர்களா, எப்போது விட்டது. கணக்கு எழுதுகிறவருக்கு இது பெரிய பாரமில்லை.

வலி ஆரம்பிக்கும் நேரம்தான் முதல் துப்பு. எழும்போதே தலை கனத்தால் திரையின் மேல் பழி போட முடியாது. குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு, ரத்த அழுத்தம், இரவில் பல் கடிப்பது, தினமும் விழுங்கும் வலி மாத்திரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்த பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே வந்தால் திரையின் மினுக்கம், அசைவு, பொருந்தாத கண்ணாடி. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கி மாலை வரை ஏறிக்கொண்டே போனால் கண் தசையின் களைப்பு, கண் உலர்வு, கழுத்து. தினமும் சொல்லிவைத்தாற்போல் பதினொன்றரைக்கு வருகிறதென்றால் காலை ஏழு மணிக்கு என்ன சாப்பிட்டுக் கிளம்பினீர்கள் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற தலைவலி தனிக் கதை. அதற்குக் கீழே பதில் இருக்கிறது.

அடுத்தது இடம் மாற்றிப் பார்ப்பது. அதே நாற்காலியில், அதே நேரத்தில், திரையைத் தொடாமல் இரண்டு மணி நேரம் காகித வேலை மட்டும் பாருங்கள். அப்போதும் வலித்தால் குற்றவாளி திரை இல்லை. விளக்கு, காற்று, கண்ணாடி, இருக்கை இவற்றில் ஒன்று. வலிக்கவில்லையா? அதே கம்ப்யூட்டரை வேறு அறையில் வைத்துப் பாருங்கள். பிறகு உங்கள் இடத்தில் வேறு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று நாள் செய்ய வேண்டும். ஒரு நாள் பார்த்துச் சொல்வது ஜோசியம்.

சந்தேகம் ஒன்றின் மேல் விழுந்ததும் அதை மட்டும் ஒரு வாரம் மாற்றுங்கள். வலி போய்விட்டால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல், இரண்டு நாள் பழையபடி திருப்பி வையுங்கள். வலி திரும்பி வந்தால்தான் பிடிபட்டது என்று பொருள். போன வலியை வா என்று அழைக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் இந்தப் படியைச் செய்யாமல் விட்டால், அந்த வாரம் வேலை குறைவாக இருந்ததா, மாற்றம் பலித்ததா என்று தெரியாமலே போகும்.

எழுந்தால் தள்ளாட்டம் என்கிறீர்கள். அதற்கு ஸ்கேனைவிட முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. ஐந்து நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்று ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் தள்ளாட்டத்துக்கு அது காரணமாக இருக்கலாம். இன்னொன்று ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. தலைவலியும் கிறுகிறுப்பும் சேர்ந்தே வரும். தலை ஸ்கேனில் இவை இரண்டும் தெரியாது.

நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய தலைவலிகளும் உண்டு. இடி விழுந்ததுபோல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி. கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது, இரண்டிரண்டாகத் தெரிவது. காய்ச்சலோடு கழுத்து விறைப்பது. கண் சிவந்து வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து வாந்தி வருவது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக, நெற்றிப்பொட்டில் தொட்டால் வலிப்பது. இவற்றுக்கு 108.

● புது போனும் புது லேப்டாப்பும் வாங்கினேன். இரண்டிலும் ‘ஓலெட்’ திரை. பத்து நிமிடம் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, குமட்டுகிறது. பழைய லேப்டாப்பில் எட்டு மணி நேரம் வேலை செய்தாலும் ஒன்றும் ஆவதில்லை. கடைக்காரர் ‘பழகிடும் சார்’ என்கிறார். – வாசகர், ஓசூர்

பழகாமலும் போகலாம். வெளிச்சத்தைக் குறைக்கத் திரைகள் இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. ஒன்று, மின்சாரத்தையே குறைப்பது. மற்றது, முழு வெளிச்சத்தையே அணைத்து அணைத்து எரிய விடுவது. அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட மங்கலாகத் தெரியும். இரண்டாவதற்கு ‘பிடபிள்யூஎம்’ என்று பெயர். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரைதான் ஓலெட். அந்தப் போன்களில் நொடிக்கு 240 முறை அணைந்து எரிபவை உண்டு. அது கண்ணுக்கு மினுக்கமாகத் தெரியாது. ஆனால் சிலருடைய மூளை அதைக் கவனித்துவிடுகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இந்தக் கூட்டத்தில் அதிகம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். திரை முழுக்க வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். இன்னொரு போனின் கேமராவை ‘ப்ரோ’ முறைக்கு மாற்றி, ஷட்டர் வேகத்தை 1/1000 அல்லது அதற்கு மேல் வையுங்கள். பிரைட்னஸ் நூறு சதவீதத்தில் ஒருமுறை, ஐம்பதில் ஒருமுறை, இருபதில் ஒருமுறை பாருங்கள். குறைக்கக் குறைக்கக் கறுப்புப் பட்டைகள் பெருகி அகலமானால் அது பிடபிள்யூஎம். ஓலெட்டில் முழு வெளிச்சத்திலும் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். அது திரை புதுப்பிக்கப்படும் தடம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ப்ரோ கேமரா இல்லாவிட்டால் இருட்டறையில் வெள்ளைத் திரைக்கு முன்னால் பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். மங்கலான ஒரே நிழலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் திரை விட்டுவிட்டு எரிகிறது.

பட்டை தெரிந்தது என்பதற்காகத் தலைவலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. வீட்டில் யாரையாவது விட்டு, முன்கூட்டியே உங்களிடம் சொல்லாமல் ஒரு நாள் நூறு சதவீதம் பிரைட்னஸ், ஒரு நாள் முப்பது என்று மாற்றி வைக்கச் சொல்லுங்கள். முப்பதின்போது திரை மங்கலாகத் தெரியாமலிருக்க அறை விளக்கைக் குறைத்துக்கொள்ளலாம். எந்த நாளில் வலித்தது என்று பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரணம் அதுதான் என்றால், பிரைட்னஸை உயரத்தில் வைத்துவிட்டு வெளிச்சத்தை வேறு வழியில் குறைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் திரைமேல் கறுப்புச் சாயை போடும் மென்பொருள்கள் உண்டு. தனி மானிட்டராக இருந்தால் அதன் மெனுவில் பிரைட்னஸை விட்டுவிட்டு கான்ட்ராஸ்டைக் குறைக்கலாம். சில போன்களில் ‘டிசி டிம்மிங்’ (மின்சாரத்தையே குறைக்கும் முதல் வழி) அல்லது ‘மினுக்கம் குறைப்பு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அது இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். இதெல்லாம் பலிக்காவிட்டால், மின்சாரத்தைக் குறைத்து வெளிச்சம் குறைக்கும் எல்சிடி திரைக்கே திரும்பிப் போவதுதான் வழி. ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும், கடையிலேயே பென்சிலை ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைப் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

கேமரா கையில் இருக்கும்போதே அதை மேலே திருப்பி அறை விளக்கையும் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி; ஒவ்வொரு சுழற்சியிலும் விளக்கு இருமுறை மங்கும். செம்புச் சுருள் சோக் போட்ட பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். இங்கிலாந்து அலுவலகங்களில் நடத்தி 1989-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பழைய சோக்கை அதிவேக எலெக்ட்ரானிக் சோக்காக மாற்றியபோது தலைவலியும் கண் உளைச்சலும் சராசரியில் பாதிக்கும் கீழே இறங்கின. உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ‘டிரைவர்’ மலிவாக இருக்கும் எல்இடி பல்புகளும் இதே 100 ஹெர்ட்ஸில் மினுக்கும். எல்இடி என்பதாலேயே நல்லது என்று நம்பிவிடாதீர்கள்.

● வயது 51. பத்திர எழுத்தர். ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போட்டதிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை செய்தால் பின்கழுத்து இழுத்து, வலி தலைக்கு ஏறுகிறது. பக்கவாட்டில் திரும்பினால் தரை அசைவதுபோல் இருக்கிறது. கண்ணாடிக் கடையில் பவர் சரிதான் என்கிறார்கள். – வாசகர், கும்பகோணம்

பவர் சரியாகவே இருக்கும். பிரச்சினை தூரத்தில் இருக்கிறது. புத்தகம் படிப்பது ஒரு முழத்துக்குள். மானிட்டர் இருப்பது ஒன்றரை முழத்தில். ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியில் மேலே தூரப் பார்வை, அடியில் படிக்கும் பார்வை. ஒன்றரை முழத்துக்கான பவர் நடுவே ஒடுங்கிய சந்துபோல் ஓடுகிறது. அந்தச் சந்துக்குள் எழுத்தைக் கொண்டுவர நீங்கள் முகவாயைத் தூக்குகிறீர்கள். ஐந்து கிலோ எடையுள்ள தலையைப் பின்னால் சாய்த்தபடி நாலு மணி நேரம் இருந்தால் கழுத்து சும்மா இருக்குமா?

இன்றைக்கே செய்யக்கூடியது, மானிட்டரைத் தாழ்த்துவது. அடியில் வைத்த பழைய புத்தகங்களை எடுத்துவிடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு என்று எல்லோரும் சொல்வது ப்ரோக்ரெஸிவ் போடாதவர்களுக்கு. உங்களுக்கு அதைவிட நாலைந்து விரற்கடை கீழே இருக்கட்டும்; திரையின் மேற்பகுதியைச் சற்றே பின்னால் சாயுங்கள்.

நிரந்தரத் தீர்வு, கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி. கடைக்குப் போகும் முன் கண்ணிலிருந்து திரை வரை டேப்பால் அளந்து, அந்தச் சென்டிமீட்டரை எழுதிக்கொண்டு போங்கள். இந்த ஒரு எண்ணைச் சொல்லாததால்தான் பல கண்ணாடிகள் வீணாகின்றன. உதாரணத்துக்கு, தூரப் பவர் −1.00, படிக்கும் கூடுதல் +2.00 என்றால், 65 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் திரைக்குக் கூடுதல் ஏறக்குறைய +1.00 முதல் +1.25 வரை போதும். அதாவது கண்ணாடியில் வருவது பூஜ்யம் அல்லது +0.25. இதை ஒரே பவராகவே போட்டுக்கொள்ளலாம், விலையும் குறைவு. அந்தக் கண்ணாடியோடு வண்டி ஓட்டக் கூடாது.

தரை அசைவது, லென்ஸின் இரு ஓரங்களிலும் உருவம் வளைவதால். புதுசு என்றால் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் பழகும். அதற்கு மேலும் தொடர்ந்தால், கருவிழிகளுக்கு இடையிலான அளவும் கருவிழியின் உயரமும் சரியாகக் குறிக்கப்பட்டதா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ப்ரோக்ரெஸிவ் லென்ஸில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் இரண்டு நுண்ணிய முத்திரைகள் இருக்கும்; அவற்றை வைத்துக் கடைக்காரர் மறுபடி மையம் குறித்துக் காட்ட முடியும். ஃபிரேம் மூக்கில் நாலு மில்லிமீட்டர் சரிந்தாலே அந்தச் சந்து இடம் மாறிவிடும். நோஸ் பேடை இறுக்கினாலே தீர்ந்துபோன கேஸ்கள் நிறைய.

● மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஒரு மணி நேரம் லேப்டாப் பார்த்தாலே புருவத்துக்கு மேல் வலி, வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்கிறாள். கண் பரிசோதனையில் 6/6, பவரே இல்லை என்றார்கள். படிக்கச் சோம்பலா? – தாய், நாகர்கோவில்

சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள் அம்மா. 6/6 என்பது தூரத்துப் பலகையைச் சில நிமிடம் படிக்க முடிகிறது என்பது மட்டுமே. கிட்டத்தில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்குமா என்று அது சொல்லாது.

ஒளிந்திருக்கும் பிளஸ் பவர் ஒரு காரணம். இளம் கண்ணின் தசை இறுக்கிப் பிடித்து அந்தக் குறையை மறைத்துவிடும். பலகை எழுத்தும் தெரியும், தலையும் வலிக்கும். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தால்தான் வெளியே வரும். ‘மருந்து விட்டுப் பாருங்கள்’ என்று கேட்டே வாங்குங்கள். அன்றைக்குக் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். பரீட்சைக்கு முந்தின நாள் வேண்டாம்.

வரிகள் ஏறுகின்றன என்பது இரண்டாவது சந்தேகத்தைக் கிளப்புகிறது: இரண்டு கண்களும் ஒன்றுசேர்ந்து உள்நோக்கித் திரும்புவதில் பலவீனம். பேனா நுனியை 40 சென்டிமீட்டரில் பிடித்து மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். நுனி இரண்டாகும் இடத்தை அளவுகோலால் அளங்கள். மூன்று நான்கு முறை தொடர்ந்து செய்யுங்கள். 10 சென்டிமீட்டருக்கு முன்பே இரண்டானாலோ, ஒவ்வொரு முறையும் தூரம் கூடிக்கொண்டே போனாலோ சந்தேகம் வலுக்கும். இன்னொன்று: ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். அப்போது சிரமமே இல்லை, இரண்டு கண்ணும் திறந்தால்தான் வருகிறது என்றால் கண் மருத்துவமனையில் ஆர்த்தாப்டிக்ஸ் (இரு கண்களின் ஒத்துழைப்பைச் சோதித்துப் பயிற்சி தரும்) பிரிவு எங்கே என்று விசாரியுங்கள். இதற்குப் பயிற்சி உண்டு, நன்றாகவே பலிக்கும். வீட்டில் பேனாவைப் பார்த்துச் செய்யும் பயிற்சியைவிட, மேற்பார்வையில் வாராவாரம் செய்யும் பயிற்சி மேல் என்று 2008-இல் வெளியான அமெரிக்கச் சோதனை காட்டியது. அது 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் நடந்தது.

● பஜாரில் டிடிபி, ஜெராக்ஸ் கடை. பத்துக்குப் பத்து அறை, கண்ணாடிக் கதவு, ஸ்பிளிட் ஏசி, நாலு பேர். மதியத்துக்கு மேல் நாலு பேருக்கும் தலை பாரம், கொட்டாவி. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும் நாளில் குமட்டலும் சேர்கிறது. – வாசகர், விருதுநகர்

குமட்டலை முதலில் பார்ப்போம், அது அவசரம். ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது? திண்ணையிலோ படிக்கட்டின் அடியிலோ என்றால் இன்றைக்கே நகர்த்துங்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அதுவும் அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில், வெளியே வந்தால் தெளிவு: இது அதன் கையெழுத்து. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் என்றே படித்துவிடும். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஜெனரேட்டர் கட்டடத்திலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் கதவு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கடைக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வையுங்கள். குமட்டல் வரும் நாளில் கதவைத் திறந்துகொண்டு எல்லோரும் வெளியே வாருங்கள். யாராவது குழறினாலோ மயங்கினாலோ 108.

கரண்ட் இருக்கும் நாளிலும் வரும் தலை பாரத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூச்சுக் காற்று. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருப்பதையே குளிர்வித்துத் திருப்பிக் கொடுக்கிறது. உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். உங்கள் அறையின் கொள்ளளவு, பத்தடி உயரம் என்று வைத்தால், 28,000 லிட்டர் சொச்சம். காற்றே புகாத அறையாக இருந்தால் நாலு பேர் ஒரு மணி நேரத்தில் 2,500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,500 பங்கு) கூட்டிவிடுவார்கள். வெளிக்காற்றில் இருப்பது 420 சொச்சம்தான். கதவு திறந்து மூடுவதால் நிஜத்தில் அவ்வளவு ஏறாது என்றாலும், 1,000-ஐத் தாண்டினாலே அறை புழுக்கமாகத் தோன்றும்.

கதவை இரண்டு விரற்கடை திறந்து வைத்து, எதிர்ச்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஏசி கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். தலை பாரம் இறங்கினால் விடை கிடைத்தது. ஜெராக்ஸ் மெஷினின் காற்றுத் துவாரம் யார் முகத்தைப் பார்த்து ஊதுகிறது என்றும் கவனியுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி உள்ளேயே இருந்து, அழுகிய முட்டை வாடை வந்தால் அது அதிகமாகச் சார்ஜ் ஆகிறது. வாடை வந்த அன்றே ஆளைக் கூப்பிட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

● ஆபீசில் பெரிய 4கே மானிட்டர் கொடுத்தார்கள். சின்னத் திரையில் இல்லாத தலைச்சுற்றல் இதில் வருகிறது. ஸ்க்ரோல் செய்தால் பஸ்ஸில் படிப்பதுபோல் இருக்கிறது. – வாசகி, சென்னை

நல்ல உவமை, காரணமும் அதுதான். கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உள்காது ‘இல்லையே, உட்கார்ந்திருக்கிறோம்’ என்கிறது. திரை பெரிதாகி ஓரப் பார்வையையும் நிரப்பும்போது இந்தச் சண்டை முற்றும்.

முதலில் திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்று பாருங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே. அங்கே 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் குற்றவாளி கேபிள் அல்லது போர்ட். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் 30-க்கு மேல் போகாது. மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போவதை வைத்தே கண்டுகொள்ளலாம். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் வழியாக இணைத்து 60 ஆக்குங்கள். பிறகு செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் போய் அனிமேஷனை அணையுங்கள். பிரவுசரில் ‘ஸ்மூத் ஸ்க்ரோலிங்’கையும் அணைத்துவிட்டு, சக்கரத்தை உருட்டாமல் பேஜ் டவுன் விசையால் பக்கம் பக்கமாகத் தாண்டுங்கள். படம் சறுக்கிக்கொண்டு போவதைவிடப் பட்டென்று மாறுவதே உங்களைப் போன்றவர்களுக்கு நல்லது. மானிட்டரை முக்கால் மீட்டருக்குத் தள்ளி வைத்து எழுத்தின் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை வந்தால் அப்போதே எழுந்துவிடுங்கள். ‘இந்த ஷீட்டை முடித்துவிட்டு’ என்று இழுத்தால் மாலை முழுக்கப் போய்விடும்.

● நீல ஒளிக் கண்ணாடி வாங்கலாமா? – வாசகர், திருச்சி

கண் உளைச்சலுக்காக என்றால் வேண்டாம். 17 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து 2023-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வில், சாதாரண லென்ஸைவிட அது உளைச்சலைக் குறைத்ததற்கு ஆதாரம் இல்லை. உண்மையான குற்றவாளி பெரும்பாலும் இமை. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கிறோம். திரையைப் பார்த்தால் அது ஐந்து ஏழாகச் சுருங்குகிறது, அதுவும் பாதி இமைப்பு. ஏசி காற்று முகத்தில் படாமல் திருப்புங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது நொடி பார்த்து, நிதானமாக முழுசாக இமையுங்கள். பிரைட்னஸ் சரியா என்று பார்க்கத் திரையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளைவிடத் திரை விளக்குபோல் எரியவும் கூடாது, சாம்பல் பூத்தும் இருக்கக் கூடாது. எரிச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை மட்டும் வாங்கி விட்டுக்கொள்ளாதீர்கள். அது கண்ணழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே கெடுக்கக்கூடியது.

● ஐடி வேலை. தினமும் ஒரு தலைவலி மாத்திரை போட்டால்தான் ஓடுகிறது. வினோதம், லீவு நாளில் வலி இன்னும் மோசம். – வாசகர், கோவை

முதலில் எண்ணுங்கள். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரை (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கலந்தது) அல்லது ஒற்றைத் தலைவலிக்கான தனி மாத்திரை 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைத் தயாரிக்க ஆரம்பிக்கும். காலையில் எழும்போதே வலி, மாத்திரை போட்டதும் சற்றுக் குறைவு, இறங்கியதும் மறுபடி வலி. நிறுத்தினால் முதல் சில நாள் வலி ஏறும். அதனால்தான் மருத்துவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறுத்தச் சொல்கிறோம்.

லீவு நாள் வலிக்கு ஆபீஸ் காபி மெஷினைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வரை தினம் ஐந்து காபி, சனிக்கிழமை வீட்டில் ஒன்று என்றால், கடைசிக் காபியிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் வலி ஆரம்பித்து ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். மூன்று நாளுக்கு அரை டம்ளர் வீதம் குறைத்து, வாரத்தின் ஏழு நாளும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் போடும் மாத்திரையின் அட்டையையும் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் காபியில் இருக்கும் அதே கஃபீனும் சேர்ந்தே இருக்கிறது.

● மேசைக்கடியில் குனிந்து சிபியூவை ஆன் செய்தால் உலகமே சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டரால்தானே? – வாசகர், காரைக்குடி

படுக்கையில் புரண்டாலும் சுழல்கிறதா? ஆம் என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். உள்காதில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம் நழுவி அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண்ணின் துடிப்பைப் பார்த்தே எந்தக் காது என்று சொல்லிவிடுவார்; தலையை முறைப்படி நாலைந்து நிலைகளில் திருப்பிப் படிகங்களைப் பழைய இடத்துக்கு ஓட்டிவிடுவார். பத்து நிமிட வேலை, பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் தீர்கிறது. மாதக்கணக்கில் தலைச்சுற்றல் மாத்திரை விழுங்கினால் படிகம் திரும்பிப் போகாது.

● சார்ஜ் போட்டபடி லேப்டாப்பைத் தொட்டால் உலோக மூடியில் எறும்பு ஊர்வதுபோல் சுறுசுறுவென்கிறது. கிறுகிறுப்பு இதனால் இருக்குமோ? – வாசகி, தூத்துக்குடி

இருக்காது. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகத் துளி மின்சாரம் கசிகிறது; எர்த் இல்லாததால் அது உங்கள் விரல் வழியாகத் தரைக்குப் போகிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சார்ஜரின் ஒயரை மூன்று பின் ஒயராக மாற்றி, எர்த் உள்ள பாயிண்டில் நேராகச் செருகினால் ஊர்வது நிற்கும். நிற்கவில்லையென்றால் அந்தப் பாயிண்டில் எர்த் ஒயர் பெயருக்குத்தான் இருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லி, மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஊர்வதுபோல் இல்லாமல் சுண்டி இழுத்தால் லேப்டாப்பைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.